கருவாட்டில் உப்பு கூடவில்லை

அண்ணாவின் கருவாட்டுத் தொழிலைக் கெடுத்தது நான்தான். அவர் இறந்து இரண்டு மாதமாகிறது. உங்களுக்குத்தான் முதலில் சொல்கிறேன்.

போர் முடிந்த பிறகு அண்ணா முல்லைத்தீவிலேயே இருந்துவிட்டார். நான் சித்தியோடு கனடாவுக்கு, மொன்றியலுக்கு வந்தேன். அதிகம் படிக்கவில்லை, ஜான்-டலோன் சந்தையில் மரக்கறி அடுக்குகிறேன்.

ஊரில் அண்ணா, சுனில் என்ற சிங்களவரோடு கூட்டுச் சேர்ந்து கருவாடு போட்டார். கணவனை இழந்த பெண்களுக்கு அதில் வேலை கிடைத்தது. ஆனால் சுனில் முன்பு இலங்கை இராணுவத்தில், ஆமியில் இருந்தவர். எங்கள் அம்மா ஆமியின் ஷெல்லடியில் செத்தவர்...

"ஆமிக்காரனோட கூட்டோ? வெக்கமில்லையே?" என்று போனில் கத்தினேன்.

"அவனை நான் என்ன கலியாணமே கட்டப்போறன்? கருவாடுதானே, பிள்ளை!" என்று சிரித்தார்.

இங்கே வில்லரேயில் ஒரு தமிழ்க் கடைக்கு அந்தக் கருவாடு வந்தது. நன்றாக விற்றது. இன்னும் எடுக்கட்டுமா என்று கடைக்கார அங்கிள் என்னைக் கேட்டார்.

"வேண்டாம் அங்கிள். அது ஆமிக்காரன்ர சாமான். சனம் அறிஞ்சால் உங்கட கடைக்கு வராது."

அவர் நிறுத்திவிட்டார்.

"ஏன் பிள்ளை வேண்டாமெண்டவர்? உப்புக் கூடிப்போச்சோ?" என்று அண்ணா கேட்டார்.

"ஓம், உப்புத்தான்" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன்? உண்மையைச் சொல்லிச் சண்டை பிடித்திருக்கலாமே! அண்ணா என்னை நம்பி உப்பைக் குறைத்தார். அடுத்துப் போட்டதெல்லாம் புழுத்துப்போனது. குழி வெட்டிப் புதைத்தார்களாம். பெண்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

பிறகு ஒரு நாள் அண்ணா நெஞ்சு வலிக்கிறது என்று படுத்தார். எழும்பவில்லை. அது என்னால் வந்தது இல்லை, தெரியும். ஆனால் தன் கைப்பக்குவம்தான் பிழை என்று நினைத்துக்கொண்டே போய்விட்டார்...

செத்தவீட்டைப் போனில் பார்த்தேன். பெட்டியை முன்னால் நின்று தூக்கியவர் சுனில்.

போன கிழமை அவர் எனக்குப் போன் எடுத்தார். என்னை "நங்கி" என்றார். தங்கச்சியைச் சிங்களத்தில் அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

"திரும்பத் தொடங்கப் போறது நங்கி. பொம்பிளைகள் ஒவ்வொரு நாளும் வந்து கேக்கிறது. அந்தக் கடை ஐயாகிட்ட ஒருக்கா கதைங்க."

"ஓம், கதைக்கிறன்."

அங்கிளிடம் நான் சொல்ல வேண்டியது ஒரு வசனம்தான். 'அண்டைக்கு நான் சொன்னது பிழை, எடுங்கோ.' அது வாயில் வருகுதில்லை! நீங்கள் என்னைத் திட்டலாம்.

நேற்று வேலை முடிந்து நடந்து வரும்போது சுனில் மறுபடி போன் எடுத்து, கடை ஐயாவோடு கதைத்தாச்சா என்று கேட்டார்.

"அவர் இப்ப இஞ்ச இல்லை. ஊருக்குப் போயிட்டார்" என்றேன்.

அங்கிள் கடை வாசலில் நின்று எனக்குக் கை காட்டிக்கொண்டிருந்தார்.