தெருவில் நீட்டிய பாவு

காரைக் கழுவும் முறை எனக்கு அத்துப்படி. வெயிலுக்கு முன், என்ஜின் ஆறியபின், முதலில் தண்ணீர், பிறகுதான் நுரைத் தெளிப்பான். அன்று காலை காற்று வீசியதை நான் பொருட்படுத்தவில்லை.

எதிர்வீட்டு நெசவாளர் தன் மகளின் கூறைப்புடவைக்காக, அரக்கு நிறப் பட்டு நூல்களைத் தறியில் ஏற்றும் பாவாகத் தெருநீளத்துக்கு நீட்டிக் கஞ்சி தடவிக்கொண்டிருந்தார்.

"சார், நுரை இந்தப் பக்கம் பறந்துக்கினு வருது. கொஞ்சம் நிறுத்துங்க சார்."

"பெயிண்ட்டையே கெடுக்காதுப்பா, பட்டை என்ன பண்ணிடும்?" என்றேன்.

நுரை பட்ட இடமெல்லாம் சாயம் திட்டுத்திட்டாக வெளுத்தது. அவர் என் காரை ஒருமுறை சுற்றிவந்து பார்த்தார். "ஒரு கீறல்கூட இல்ல சார்" என்றார்.

அவர் மகள் கடையில் வாங்கிய புடவையில்தான் மணமேடை ஏறினாள். என் காலில் விழுந்தவளின் தலையில் அட்சதை மட்டும் தூவினேன். மன்னிப்புக் கேட்கும் முறை இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை.