பல்பு ரெண்டாகத் தெரிந்த நாள்

சரோஜா சிஸ்டர் படம் போட்ட எண்ணிலிருந்து என் போனுக்கு எழுத்து வந்திருந்தது. எனக்குப் படிக்கத் தெரியாதென்று எப்போதும் குரலாகவே அனுப்புகிறவர். மருமகள் வீட்டில் இல்லை; பக்கத்து வீட்டுக்காரரிடம் போனை நீட்டினேன். அவர் படித்தார். மாரடைப்பில் சிஸ்டர் போய்விட்டார் என்று சிஸ்டரின் மகன் அனுப்பியிருந்தார்.

கள்ளக்குறிச்சியில் அரிசி மில்லை ஒட்டிய நம் தெருவுக்கு அவரைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கல்வராயன் மலையிலிருந்து மூட்டை தூக்க இறங்கி வந்தவர்கள் நாம். கூலியை விட்டு ஆஸ்பத்திரி வரிசையில் நிற்க முடியாது. அதனால் நர்ஸான அவரே வீடு வீடாக வந்து, நம் போன்களில் தன் எண்ணைப் படத்தோடு போட்டுத் தந்தார். "படிக்கவே வேணாம், என் மூஞ்சியத் தொடுங்க, போதும்" என்றார்.

ஒரு சொல் மட்டும் அவருக்கு ஆகாது. எப்படி இருக்கிறது என்று கேட்டால் மரியாதைக்கு "பரவாயில்லைங்க" என்போமே, அது. "அத சொல்லவா போன் பண்ணீங்க? இன்னா செய்யுது, அத சொல்லுங்க!" என்று சிடுசிடுப்பார்.

ஒரு ஐப்பசி மழையில் நிறைமாத மருமகள் வள்ளிக்குத் தலைவலி. மகன் வெளியூரில். படத்தைத் தொட்டேன்.

"தலவலிதாங்க சிஸ்டர். மத்தபடி பரவாயில்லைங்க."

"அவகிட்ட குடுங்க. வள்ளி, மேல பல்பு எத்தினி தெரியுது?"

"ரெண்டு சிஸ்டர்."

எங்கள் வீட்டில் இருப்பது ஒரே பல்பு.

"பெரியவரே, பிரஷரு ஏறியிருக்கு, போன வெச்சிடாதீங்க. நான் வண்டி சொல்றேன்." இன்னொரு போனில் அவர் கத்துவது கேட்டது. "மில்லு காம்பவுண்டத் தாண்டி லெஃப்டு. தண்ணி நிக்கும், பயந்துகினு நின்னுடாதீங்க, வாங்க!"

அதற்குள் வள்ளியின் கை கால் வெட்டி இழுத்தது.

"இழுக்குது சிஸ்டர்!"

"இடது பக்கமா ஒருக்களிச்சிப் படுக்க வைங்க. வாயில ஒன்னும் வைக்காதீங்க. இரும்பு, சாவின்னு எதுவும் குடுக்காதீங்க!"

எடுத்திருந்த சாவிக்கொத்தைக் கீழே போட்டேன். வண்டி வரும்வரை அந்தக் குரல் வீட்டை விட்டுப் போகவில்லை.

தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள். நான் சொல்லச் சொல்ல இதை எழுதுகிறவள் அந்த வள்ளிதான்.

போன வாரம் சிஸ்டர் பேசும்போது மூச்சு வாங்கியது. "உங்களுக்கு உடம்பு எப்பிடிம்மா?" என்றேன்.

"பரவாயில்ல பெரியவரே."

"அந்தச் சொல்லு வேணாம். இன்னா செய்யுது?"

"என் பாடத்த எனக்கேவா?" சிரித்துக்கொண்டே வைத்துவிட்டார். அதற்குப் பிறகு வந்தது அந்த எழுத்துதான்.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது இன்னதென்று சொல்ல வாயெடுத்தேன். இருமல் வந்தது. வள்ளி பேனாவை நிறுத்தி, "எப்பிடி இருக்கு மாமா?" என்றாள்.

'பரவா' வரைக்கும் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. விழுங்கினேன்.

"நெஞ்சுல குத்துதும்மா" என்றேன்.