சம்பந்தி தேடிய இரண்டு யூதர்கள்

1. கை தூக்காத வகுப்பு

முதல் நாள் ட்ரெயினிங்கில் எங்களிடம் கேட்ட முதல் கேள்வி இதுதான்: “இதுவரைக்கும் ஒரு யூதரையாவது நேர்ல பாத்தவங்க கை தூக்குங்க.”

ஏசி குளிரில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த தமிழ் டீமில் ஒரு கையும் எழவில்லை. கடைசி வரிசையில் ஒருவர் மட்டும் பாதிக் கையைத் தூக்கி, “படத்துல பாத்தது கணக்குல வருமா சார்?” என்றார். வராது என்று சொல்லிவிட்டார் ட்ரெயினர்.

அதற்கு முன்பு நான் மலேசியாவில் கோல சிலாங்கூர் பக்கம், எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டம் ஒன்றின் ஆபீசில் கணக்கு எழுதும் கிராணியாக இருந்தவள். தோட்டத்தை வீடு கட்ட விற்றார்கள், ஆபீசையும் மூடினார்கள். நான் வீட்டில் சும்மா உட்கார்ந்து எல்லோரையும் அதட்டிக்கொண்டிருந்தது பொறுக்காமல் என் மகள் துர்காதான் இந்த வேலைக்கு விண்ணப்பம் போட்டாள். ஒரு பெரிய சமூக ஊடகத் தளத்துக்கு ஆள் கொடுக்கும் கான்ட்ராக்ட் கம்பெனி. தமிழில் போட்ட பதிவை யாராவது ரிப்போர்ட் செய்தால் அது எங்கள் ‘க்யூ’வில் வந்து நிற்கும். படித்துப் பார்த்து, இருக்கட்டும் என்றோ எடுத்துவிடு என்றோ ஒரு பட்டனை அமுக்க வேண்டும். எழுதியவர் பெயர் எங்களுக்குத் தெரியாது, மறைத்துத்தான் அனுப்புவார்கள்.

அன்றைய பாடம் யூத வெறுப்பு. ட்ரெயினர் ஸ்லைடு ஸ்லைடாக ஓட்டினார். பாதிக் கை தூக்கியவர் மறுபடியும், “நம்ம ஊர்லதான் யூதனே இல்லியே சார். எடுக்காம விட்டா யாருக்கு வலிக்கப் போவுது லா?” என்றார். எல்லோரும் சிரித்தோம். நானும்தான் சிரித்தேன்.

கிளம்பும்போது ஒரு தாளில் கையெழுத்து வாங்கினார்கள். என்ன வேலை செய்கிறோம், எந்தப் பதிவைத் தூக்கினோம் என்று வெளியில் மூச்சு விடக்கூடாது. தொற்றுக் காலத்துக்குப் பிறகு புக்கிட் பெலிம்பிங்கில் என் வீட்டுப் பின் அறையே ஆபீசாகிவிட்டது. கதவைச் சாத்திக்கொண்டு, காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு உட்காருவேன். கேட்டவர்களுக்கெல்லாம் “டேட்டா என்ட்ரி” என்று ஒரே பதில். பக்கத்து வீட்டம்மா நம்பவில்லை. நான் ஆன்லைனில் ஆள் ஏமாற்றும் கும்பலில் சேர்ந்துவிட்டேன் என்று கொஞ்ச நாள் பேசித் திரிந்ததாகக் கேள்வி.

2. மண்டோரின் கருமாதி

மனிதர் பார்ப்பதற்கு முன் மெஷின் பார்க்கும். மெஷினுக்குச் சொல்தான் தெரியும், ஆள் தெரியாது.

கெர்லிங் பக்கம் ஒரு தோட்டத்தில் ஆட்களை வேலை வாங்கும் பழைய மண்டோர் ஒருவர் இருந்தார். மகா கண்டிப்பானவர். அதனால் இரண்டாம் உலகப் போரை மூட்டிய அந்தக் கட்டை மீசை ஜெர்மன்காரரின் பெயரையே அவருக்குப் பட்டப்பெயராக வைத்துவிட்டார்கள். நாளடைவில் அவருடைய சொந்தப் பெயர் அவருக்கே மறந்திருக்கும். அவர் இறந்ததும் பேரப்பிள்ளைகள் படத்தைப் போட்டு, அந்தப் பட்டப்பெயரையும் போட்டு, “நீங்கள் மீண்டும் பிறந்து வர வேண்டும் தாத்தா” என்று உருகி எழுதி, கீழே கருமாதி நாளும் இடமும் குறித்திருந்தார்கள். மெஷின் பதிவைத் தூக்கியதோடு நிற்காமல் அக்கவுண்டையும் பூட்டிவிட்டது. அப்பீல் என் கையில் வந்தது. திறந்துவிட்டேன், மண்டோர் கருமாதிக்கு ஆள் சேர்ந்தது.

அதே வாரம் இன்னொரு பதிவு வந்தது. செந்தமிழ், ஒரு கெட்ட வார்த்தை கிடையாது. ‘அந்த இனம்’ என்று மட்டும் குறிப்பிட்டு, அவர்கள் குழந்தையாக இருக்கும்போதே நசுக்கிவிட வேண்டிய பிறவிகள் என்று ஒரு பெரிய மனிதர் பொறுமையாக விளக்கியிருந்தார். மெஷின் அதை வணங்கி வழிவிட்டிருந்தது. யாரோ ஒரு நல்லவர் ரிப்போர்ட் செய்ததால் அது என் கண்ணில் பட்டது, தூக்கினேன்.

3. ரெஹானா போட்ட கோடு

என் டீம் லீடர் ரெஹானா. நாகப்பட்டினத்திலிருந்து வந்த குடும்பம். அவள் அண்ணன் கோல சிலாங்கூரில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிறார். சனிக்கிழமை காஸாவுக்காக ஊர்வலம் போவாள், கோஷம் போட்டுத் தொண்டை கட்டிக்கொண்டு வருவாள். திங்கட்கிழமை அதே தொண்டையோடு யூத வெறுப்புப் பதிவுகளைத் தூக்குவாள். இது எப்படி ஒத்துப்போகிறது என்று எனக்கு ஆரம்பத்தில் பிடிபடவில்லை.

காஸாவில் போர் மூண்ட பிறகு க்யூ நிரம்பி வழிந்தது. ஒரு நாள் வந்த பதிவில், இடிந்த வீட்டின் முன்னால் ஒரு தகப்பன் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நிற்கும் படம். கீழே, “இதைச் செய்த அரசாங்கத்தை எந்தச் சாமியும் மன்னிக்காது” என்று எழுதியிருந்தது. யூத வெறுப்பு என்று பத்துப் பேராவது ரிப்போர்ட் செய்திருந்தார்கள். எடுப்பதா விடுவதா என்று தெரியாமல் ரெஹானாவைக் கூப்பிட்டேன்.

“இதுல என்னாக்கா கொழப்பம்? ஒரு கவர்மெண்ட திட்டறான். பட்டாளத்த திட்டறான். நம்ம மந்திரிய நீங்க திட்டறது இல்லியா? செத்த புள்ளைக்கு அழுவறவன அழ விடுங்க. பொறந்த பொறப்புக்காக ஒருத்தன அடிக்கச் சொன்னா மட்டும் தூக்குங்க.”

“சிலது ‘சயோனிஸ்ட்’னு எழுதிட்டு, எல்லா யூதனையும் சேத்து வைய்யிது ரெஹானா.”

“அப்ப வார்த்தைய பாக்காதீங்க. யார காட்டுறான்னு பாருங்க. குண்டு போட்டவனயா, இல்ல எங்கியோ ஒரு ஊர்ல ரொட்டி வாங்கப் போன கெழவனயா?”

அந்தப் பதிவை விட்டேன். எங்கள் முடிவுகளைச் சரிபார்க்கும் க்யூ.ஏ. ஆள் அது தப்பு என்று எனக்கு மார்க்கைக் குறைத்தார். நான் விடுவேனா? ரெஹானாவைத் துணைக்கு வைத்துக்கொண்டு சண்டை போட்டு மார்க்கைத் திரும்ப வாங்கினேன்.

பாதிக் கை தூக்கியவரின் ‘யாருக்கு வலிக்கப் போவுது’ என்ற கேள்விக்கும் அந்த நாட்களில்தான் பதில் கிடைத்தது. தோட்டத்து இந்தியர்கள் எல்லோரும் குடிகாரர்கள், குண்டர்கள், கப்பலேற்றி அனுப்ப வேண்டும் என்று மலாயில் ஒரு பதிவு ஊரெல்லாம் சுற்றியது. மதியத்துக்குள் காணாமல் போயிற்று. அதைத் தூக்கியது மலாய் க்யூவில் இருந்த ஒரு கிளந்தான் பெண். அவள் ஜென்மத்தில் ஒரு தோட்டத்து லயத்து வீட்டைப் பார்த்தது கிடையாது. அடுத்த முறை மீட்டிங்குக்கு ஆபீஸ் போனபோது பேன்ட்ரியில் அவளுக்கு ஒரு தே தாரேக் டீ வாங்கிக் கொடுத்தேன். எதற்கு என்று கேட்டாள், சும்மா என்று சொன்னேன்.

4. பின்னாடி ரூம்

இப்போது கதைக்கு வருகிறேன்.

துர்கா ஒரு பையனைத்தான் கட்டுவேன் என்று ஒற்றைக் காலில் நின்றாள். பையன் பிரகாஷ், தங்கமான பிள்ளை. அவன் அப்பா மாணிக்கம், சுங்கை ஆயர் தாவாரில் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டிப் பிறகு நாலைந்து லோரிக்கு முதலாளியானவர். பெரிய மீசை, பெரிய குரல். அவர் சம்மதம் கிடைப்பதற்குள் எங்களுக்கு உயிர் போய் உயிர் வந்தது. கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கல்யாணத் தேதி பேசக் குடும்பத்தோடு வருகிறோம், அப்படியே கை நனைத்துவிடுகிறோம் என்று சொல்லி அனுப்பினார். பெண் வீட்டில் கை நனைத்தாயிற்று என்றால் பேச்சு முடிந்தது, பிறகு பின்வாங்குவது மரியாதை இல்லை. அதனால் சாப்பாடு சரியாக அமைய வேண்டும் என்று ரெஹானாவின் அண்ணன் கடையில் பிரியாணி சொன்னேன். ரெஹானாவே காரில் கொண்டுவந்து, அப்படியே இருந்து பரிமாறவும் செய்தாள்.

தேதி குறித்தாயிற்று. எல்லோரும் சாப்பிட உட்கார்ந்தோம். இரண்டு வாய் போட்டதும் சம்பந்திக்குப் பேச்சு வந்துவிட்டது.

“கல்யாணப் பத்திரிகைய போஸ்ட்டு பண்ணலாம்னா முடியல சம்பந்தியம்மா. என் அக்கவுண்ட ஒரு மாசத்துக்கு லாக் பண்ணிட்டானுங்க.”

“ஏண்ணே?”

“ஒரு போஸ்ட்டு போட்டேன். கேளுங்களேன். ‘செம்பனை வெல எறங்குனா யூதன். டீசல் வெல ஏறுனா யூதன். என் பிபி மாத்திர வெல ஏறுனாலும் யூதன். பாகான் தெராப் ரோட்டுல என் லோரி டயர் பஞ்சரானா, அந்த ஆணிய போட்டதும் யூதன்தான்.’ எப்பிடி?”

மேசையே சிரித்தது. என் வீட்டுக்காரர் கண்ணில் நீர் வரச் சிரித்தார். எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. அந்த ஆணி எனக்குத் தெரியும். மூன்று வாரத்துக்கு முன் என் க்யூவில் வந்தது. படித்துச் சிரித்துவிட்டு, கடைசி வரிக்கு வந்ததும் சிரிப்பு நின்றுபோனது. கட்டை மீசைக்காரர் பாக்கி வைத்த வேலையை யாராவது முடிக்க வேண்டும் என்று கேட்டது அந்த வரி. சம்பந்தி இப்போது அந்த வரிக்கு முன்னாலேயே நிறுத்திக்கொண்டார்.

“தூக்கிட்டானுங்க. அப்பீல் போட்டேன். இன்னொருத்தன் பாத்துட்டு அவனும் முடியாதுன்னுட்டான். ரெண்டு யூதன் சம்பந்தியம்மா! அமெரிக்காவுல உக்காந்துகிட்டு சுங்கை ஆயர் தாவார்காரன் தமிழ்ல எழுதுனத தேடிப் புடிச்சி அழிக்கிறானுங்க. எவ்ளோ பவர் பாருங்க!”

அப்பீலைப் பார்த்தது ரெஹானா. அவள் கையில் கரண்டி அப்படியே நின்றது. என்னைப் பார்த்தாள். துர்காவும் பார்த்தாள், அவளுக்கு என் வேலை தெரியும்.

சம்பந்தி விடவில்லை. “அந்த மாதிரி கம்பெனிக்கு வேல செய்யறவன் வீடுன்னா, நான் வாசப்படி மிதிக்க மாட்டேன். கையும் நனைக்க மாட்டேன். நீங்க கம்ப்யூட்டர் வேலதானே பாக்குறீங்க? அந்த ரெண்டு பேர எங்க போயி புடிக்கிறது, நீங்களே சொல்லுங்க.”

வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். கையெழுத்துப் போட்ட தாள் இருக்கிறது, மகள் கல்யாணம் இருக்கிறது. ஆனால் இதை மறைத்து இவளைக் கட்டிக்கொடுத்தால், இந்த மனிதர் ஒவ்வொரு தீபாவளிக்கும் வந்து அந்த இரண்டு யூதனைத் திட்டுவார், நான் ஆயுசுக்கும் பாயசம் ஊற்றிக்கொண்டு தலையாட்ட வேண்டும். அந்தத் தண்டனை எனக்கு ஆகாது.

“அமெரிக்கா போவ வேணாம்ணே. பின்னாடி ரூம்லதான்.”

“யாரு?”

“மொத யூதன் நான். ரெண்டாவது யூதன், இந்தா உங்களுக்குக் கோழி வைக்கிறாளே, இவ.”

என் வீட்டுக்காரருக்குப் புரையேறியது. சம்பந்தி ரெஹானாவின் தலை முக்காட்டைப் பார்த்தார், என் நெற்றிப் பொட்டைப் பார்த்தார், கடைசியாக நெய் மினுக்கும் தன் வலது கையைப் பார்த்தார். அவர் மனைவிதான் முதலில் வாயைத் திறந்தார். “கையத்தான் நனச்சாச்சே. அப்புறம் என்னாத்துக்கு மொறைக்கிறீங்க? சாப்புடுங்க.”

“அப்பிடி என்னா தப்பா எழுதிட்டேன்? டயரு, டீசலு... இது ஒரு குத்தமா?”

“டயருக்கு நானும் சிரிச்சேண்ணே. ஒண்ணுமே தெரியாத ஒருத்தன் தலையில ஊருப்பட்ட பழியையும் போடறது சிரிக்கிற விஷயம் இல்ல, அது வேற. ஆனா கடைசி வரிய விட்டுட்டீங்களே. அதையும் சொல்லுங்க. எல்லாரும் கேக்கட்டும்.”

“என்னா வரிப்பா?” என்றான் பிரகாஷ்.

சம்பந்தி வாயைத் திறந்தார். மகனைப் பார்த்தார், என் மகளைப் பார்த்தார், மூடிக்கொண்டார். மறுபடி திறந்தார். அவ்வளவு பெரிய குரல் உள்ள மனிதருக்கு அந்த ஒரு வரி வெளியே வரவில்லை.

“மறந்துபோச்சி,” என்றார்.

எனக்குக் கோபமும் வந்தது, பாவமாகவும் இருந்தது. சம்பந்தி சோற்றைப் பிசைந்துகொண்டே மெதுவாகக் கேட்டார். “அதுக்கு முன்னாடி ஒண்ணு போட்டேன். ஒரு அப்பன் புள்ளைய தூக்கிக்கிட்டு நிக்கிற படம். எந்தச் சாமியும் மன்னிக்காதுன்னு. அத மட்டும் ஏன் விட்டானுங்க?”

அதுவும் இவருடையதுதான் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. “ஆளாளுக்கு ரிப்போர்ட் பண்ணாங்க. நான்தாண்ணே விட்டேன். அதுக்காக என் மார்க்க வேற கொறச்சாங்க.”

“அதுவும் நீங்கதானா?” என்றார். “அப்ப, இதுல யூதன் ஒருத்தன்கூட பாக்கவே இல்லியா?”

“ஒருத்தர்கூட இல்லண்ணே.”

சண்டைக்கு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு போய், எதிராளி ஊரிலேயே இல்லை என்று தெரிந்தவர் போல உட்கார்ந்திருந்தார். பிறகு தட்டை ரெஹானா பக்கம் நகர்த்தினார். “கோழி நல்லாருக்கும்மா. இன்னொண்ணு வை.”

5. அதற்குப் பிறகு

திங்கட்கிழமை நானே மேனேஜரிடம் போய் நடந்ததைச் சொன்னேன். ஒரு வார்னிங் கொடுத்தார். கொடுத்துவிட்டு, “உண்மையிலேயே அந்த ஆணி கத எழுதினது உங்க சம்பந்தியா?” என்று கதவைச் சாத்திக்கொண்டு சிரித்தார். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு, மேனேஜரிடம் கேட்டுக்கொண்டு, பெயர்களை மாற்றித்தான் இதை எழுதுகிறேன்.

இந்த வேலைக்கு வரும் பிள்ளைகளுக்குச் சொல்ல எனக்கு ஒன்றுதான் உண்டு. பாலிசி பக்கம் பக்கமாக மாறும், மாறட்டும், படியுங்கள். படித்தும் பிடிபடாத பதிவு வந்தால், எழுதியவரை மனதுக்குள் ஒரு சாப்பாட்டு மேசையில் உட்கார வையுங்கள். அந்த வரியை அவர் தன் பிள்ளைகள் முகத்தைப் பார்த்துச் சொல்வாரா என்று யோசியுங்கள். அதை வைத்தே பட்டனை அமுக்கிவிடாதீர்கள், கூசாமல் சொல்கிறவர்களும் ஊரில் இருக்கிறார்கள். ஆனால் எங்கே உற்றுப் பார்க்க வேண்டும் என்று அது காட்டிக்கொடுக்கும்.

கல்யாணம் ஜாம்ஜாம் என்று நடந்தது. அக்கவுண்ட் திறந்த நாளிலிருந்து சம்பந்திக்கு ஒரு புதுப் பழக்கம். எதைப் போடுவதானாலும் முதலில் எனக்கு அனுப்பி, “சம்பந்தியம்மா, இது நிக்குமா?” என்று கேட்பார். முக்கால்வாசி லோரி விற்பனைக்கு, மீதி பேரன் படம். காஸாவுக்கு இன்றும் அழுகிறார், அரசாங்கங்களைத் திட்டுகிறார். நானும் லைக் போடுகிறேன்.

போன மாதம் ஒரு நாள் அவரிடமிருந்து நீளமாக ஏதோ வந்தது. அடுப்பில் பால் பொங்கியதால் உடனே பார்க்கவில்லை. பாலை இறக்கிவிட்டு வந்து பார்த்தபோது, செய்தி அழிக்கப்பட்டது என்ற வரி மட்டும் இருந்தது. என்ன எழுதியிருந்தார் என்று நான் கேட்கவில்லை. அதை அழித்த யூதன் யார் என்று அவரும் கேட்கவில்லை.