சேவியர் சார் தூக்கிய கை

போன வாரம் மகள் அமெரிக்காவிலிருந்து அழைத்தாள். அவள் படிக்கும் கல்லூரியில் லாக்ராஸ் என்று ஒரு விளையாட்டு இருக்கிறது. நுனியில் வலைப்பை கட்டிய நீளக் கம்பால் பந்தைப் பிடித்து எறிந்து ஆடுவார்களாம். இத்தனை காலம் அக்கம்பக்கத்துக் கல்லூரிகளோடு ஒரு கூட்டணியில் ஆடிக்கொண்டிருந்த அவர்களுடைய குழு, அதை விட்டுவிட்டுத் தொலைவில் இருக்கும் பெரிய கல்லூரிகளின் கூட்டணிக்குப் போகிறதாம். பரம எதிரியாக இருந்த கல்லூரியோடு இனி ஆட்டமே கிடையாது. வளாகம் முழுக்க அதே பேச்சு. “பாவமா இருக்கும்மா” என்றாள்.

எனக்குப் பாவமாக இல்லை. முதலில் யார் யாரோடு போய்ப் பேசினார்கள், எந்தக் கடையில் உட்கார்ந்து பேசினார்கள் என்று விசாரித்தாயா என்று கேட்டேன். “லாக்ராஸ்னா என்னான்னே ஒங்களுக்குத் தெரியாதேம்மா” என்றாள்.

தெரியாதுதான். ஆனால் கல்லூரிகள் கூட்டணி மாறுவது எப்படி என்று எனக்கு நன்றாகத் தெரியும். அது ஒரு சாப்பாட்டுக் கடையில்தான் ஆரம்பிக்கும்.

நான் மலேசியாவில், கோல சிலாங்கூரில் ஒரு சிறிய கல்லூரியில் படித்தேன். ஈஜோக் பக்கத்தில் பாமாயில் எடுக்கும் செம்பனைத் தோட்டத்திலிருந்து பஸ் பிடித்து வருவேன். படிப்பைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. ஹாக்கி ஆடினேன். அந்தக் காலத்தில் எங்கள் பக்கத்தில் நான்கு கல்லூரிகள் சேர்ந்து பெண்களுக்கான ஹாக்கிப் போட்டி ஒன்றை வருடா வருடம் நடத்தின. வடக்கு லீக் என்போம். எங்களுடைய கல்லூரி, தஞ்சோங் காராங்கில் ஒன்று, அதற்கும் மேலே வடக்கில் இரண்டு. அந்த இரண்டையும் பற்றி யாருக்கும் கவலையில்லை. ஆட்டம் என்றால் எங்களுக்கும் தஞ்சோங் காராங்குக்கும்தான்.

நாங்கள் அவர்களை நெல்லுக் காலேஜ் என்போம், வயலுக்கு நடுவே இருந்ததால். எங்களூர்க் குன்றில் குரங்குகள் அதிகம் என்பதால் அவர்கள் எங்களைக் குரங்குக் காலேஜ் என்பார்கள். இது எந்த அளவுக்கு மரியாதைக் குறைவு என்று நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள். ஆனால் ஒரு முறை நிஜமாகவே ஒரு குரங்கு திடலுக்குள் வந்து பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடியது. அன்று அவர்கள் சிரித்த சிரிப்பை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

அவர்களுக்கு ஜமீலா தலைவி. தஞ்சோங் காராங்கில் அவள் அப்பா சாப்பாட்டுக் கடை வைத்திருந்தார். தன் குழுவில் தமிழ் தெரிந்தவள் அவள் ஒருத்திதான் என்பதால் எங்களைத் திட்டுவதற்கு மட்டும் தமிழை வைத்துக்கொள்வாள். இடது பக்கம் பார்ப்பாள், வலது பக்கம் போவாள். அதைப் படித்துவைத்துக்கொண்டு போனால், அன்றைக்கு இடது பக்கம் பார்த்து இடது பக்கமே போவாள். நான் தற்காப்பில் நின்றவள். எதிரே வருகிறவளின் கண்ணை நம்பாமல் இருப்பதுதான் எனக்குக் கொடுக்கப்பட்ட வேலை. அந்தப் பழக்கம் பிறகு திடலோடு நிற்கவில்லை. என் கணவரைக் கேட்டால் சொல்வார்.

எங்கள் பயிற்றுநர் சேவியர் சார். கல்லூரியின் விளையாட்டு அதிகாரியும் அவரே, வேன் ஓட்டுநரும் அவரே. அந்த வேனுக்குள் ஏறினால் தைல வாசமும் கருவாட்டு வாசமும் சேர்ந்து அடிக்கும். ஒவ்வொரு ஆட்டத்துக்குப் பிறகும் சுங்கை செம்பிலாங் மீனவர் கிராமத்துக்கு ஒரு நடை போய், மனைவிக்குக் கருவாடு வாங்கிக்கொண்டுதான் எங்களை வீட்டில் விடுவார். தோற்ற நாளில் அந்த வாசம் தாங்காது. ஜெயித்த நாளில் அதே வாசம் பசியைக் கிளப்பும். இப்போதும் பாசாரில் கருவாட்டுக் கடையைத் தாண்டும்போது எனக்கு முழங்கால் வலிப்பது போலிருக்கும்.

இரண்டாம் வருடம் நான் தலைவியானேன். அந்த வருடம்தான் பேச்சு கிளம்பியது. நெல்லுக் காலேஜ் நம்மை விட்டுவிட்டுக் கிள்ளான் பள்ளத்தாக்கு லீக்குக்குப் போகப் பார்க்கிறது என்றார்கள். கோலாலம்பூர்ப் பக்கம் என்பதால் அங்கே செயற்கைப் புல் திடல், மாநிலக் குழுவுக்கு ஆள் எடுக்கிறவர்கள் வந்து பார்ப்பார்கள். எங்கள் திடலுக்கு மாடுகள் வந்து பார்க்கும். அவர்கள் போய்விட்டால் மிச்சம் மூன்று கல்லூரி. மூன்றை வைத்து லீக் நடத்த மாட்டார்கள். எங்களில் நான்கைந்து பேருக்குத் தோட்டத்தை விட்டு வெளியே தெரிய ஹாக்கியைத் தவிர வேறு வழியில்லை.

சாரைக் கேட்டால், பார்ப்போம்லா என்பார்.

ஒரு நாள் அம்மாவோடு தஞ்சோங் காராங்கில் சொந்தக்காரர் வீட்டு நிச்சயதார்த்தத்துக்குப் போயிருந்தேன். பஸ் நிறுத்தத்துக்கு எதிரே ஜமீலாவின் அப்பா கடை. உள்ளே சேவியர் சார். எதிரே நெல்லுக் காலேஜின் விளையாட்டு அதிகாரி. இருவருக்கும் நடுவில் ரொட்டி ஆறிக்கொண்டிருந்தது. கல்லாவில் ஜமீலா. முதலில் என்னைப் பார்த்தது அவள்தான். சாரிடம் ஏதோ சொன்னாள். சார் திரும்பி என்னைப் பார்த்தார். கை அசைக்கவில்லை. தலையைத் திருப்பிக்கொண்டார்.

மறுநாள் பயிற்சிக்கு முன்னால் கலைவாணியிடம் சொன்னேன். கலைவாணி எங்கள் கோல் கீப்பர், ஜெராம் ஊர்க்காரி, எனக்கு உயிர்த்தோழி. சார் கடையில் தே தாரிக் டீ குடிப்பது தப்பா என்று கேட்டாள். குடிப்பது தப்பில்லை, முகத்தைத் திருப்பிக்கொண்டதுதான் தப்பு என்றேன். அவருக்கு அங்கே வேலை பேசுகிறார்கள் என்றும் சொன்னேன். அதை யாரும் என்னிடம் சொல்லவில்லை. நானே கண்டுபிடித்துக்கொண்டது. ஒரு வாரத்தில் குழு இரண்டாகியது. வேனில் சாருக்குப் பின்னாலுள்ள இருக்கை காலியாகவே கிடந்தது. அவர் கண்ணாடியில் எங்களைப் பார்ப்பதையும் நிறுத்திக்கொண்டார்.

லீக் கூட்டம் ஒரு சனிக்கிழமை காலையில் எங்கள் கல்லூரி மண்டபத்தில் நடந்தது. ஒவ்வொரு கல்லூரியிலிருந்தும் விளையாட்டு அதிகாரியும் தலைவியும் வரலாம். ஆனால் ஓட்டு அதிகாரிக்குத்தான். விலக விரும்பும் கல்லூரிக்கு மற்ற மூன்றில் குறைந்தது இரண்டு சம்மதிக்க வேண்டும். ஒரு வடக்குக் கல்லூரி சரி என்றது. இன்னொன்று முடியாது என்றது. எல்லோரும் எங்கள் பக்கம் திரும்பினார்கள்.

நான் சாருக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தேன். அவர் சட்டைக் காலர் நைந்துபோயிருந்தது தெரிந்தது. கொஞ்ச நேரம் குனிந்து மேசையையே பார்த்தார். பிறகு கையைத் தூக்கினார். எதிர்வரிசையில் ஜமீலா என்னைப் பார்த்தாள். அவள் கண் எந்தப் பக்கமும் போகவில்லை. அவ்வளவுதான். எங்கள் லீக் முடிந்தது.

வெளியே கலைவாணியும் மற்றவர்களும் காத்திருந்தார்கள். என் முகத்தைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. யாரும் வேனில் ஏறவில்லை. சார் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு எங்களையே பார்த்தபடி நின்றார்.

“ஏன் சார் கை தூக்குனீங்க?” என்று கேட்டேன். குரல் நடுங்கியது. கோபத்தில் என்றுதான் எல்லோரிடமும் பிறகு சொன்னேன்.

“போறதுன்னு முடிவு பண்ணவங்கள பிடிச்சு வச்சா, வேண்டா வெறுப்பாத்தான் ஆடுவாங்க. அப்படி ஆட்டம் ஒனக்கு வேணுமா? வருசத்துக்கு ஒரு தடவ நம்ம திடல்ல வந்து ஆடுறோம்னு வாக்குக் குடுத்திருக்காங்க. அதுக்குத்தான் அந்தக் கடையில போய்ப் பேசிக்கிட்டு இருந்தேன்.”

“எழுதிக் குடுத்தாங்களா?” என்றேன்.

“வாய் வார்த்தைதான்லா” என்றார்.

கலைவாணி முதலில் ஏறினாள். சாருக்குப் பின்னாலுள்ள இருக்கையில் போய் உட்கார்ந்தாள். மற்றவர்களும் ஏறினார்கள். நான் அன்று பஸ்ஸில் வீட்டுக்குப் போனேன்.

அடுத்த வருடம் வாக்குக் கொடுத்தபடி அவர்கள் வந்தார்கள். வந்தது அவர்களுடைய இரண்டாம் குழு. முதல் குழு அன்று கிள்ளானில் ஆடிக்கொண்டிருந்தது. ஆனால் ஜமீலா வந்திருந்தாள். அங்கே ஆடாமல் ஏன் இங்கே வந்தாய் என்று கேட்டதற்கு, காலில் அடி என்றாள். அப்புறம் அடிபட்ட காலோடு ஓடோடி எங்களுக்கு எதிராக இரண்டு கோல் போட்டாள். நாங்கள் மூன்று போட்டோம். அவர்களை நான் ஜெயித்தது அந்த ஒரு முறைதான். இரண்டாம் குழுவை ஜெயித்ததைச் சொல்லிக்கொள்ளலாமா என்று இன்னும் எனக்குத் தெரியவில்லை. அதற்கடுத்த வருடம் தேதி ஒத்துவரவில்லை என்றார்கள். பிறகு அதையும் சொல்லவில்லை.

நான் படிப்பை முடித்துக் கிள்ளானில் வேலைக்குச் சேர்ந்த பிறகு கலைவாணி ஒரு செய்தி சொன்னாள். சேவியர் சார் நெல்லுக் காலேஜில் பயிற்றுநராகச் சேர்ந்துவிட்டார். நான் சொன்னேனா இல்லையா என்று கேட்டேன். நம் கல்லூரி ஹாக்கியையே நிறுத்திவிட்டது, அந்த மனுஷன் வேறு எங்கே போவார் என்றாள். நம் கல்லூரி ஏன் நிறுத்தியது, ஆட லீக் இல்லாததால். லீக் ஏன் இல்லை, அவர் கை தூக்கியதால் என்றேன். இந்த வாக்குவாதத்தை நாங்கள் இன்றுவரை முடிக்கவில்லை. தீபாவளிக்கு வாழ்த்துச் சொல்ல அழைத்தாலும் கடைசியில் அங்கேதான் வந்து நிற்போம்.

சார் சில வருடங்களுக்கு முன் தவறிப்போனார். அடக்கத்துக்குப் போயிருந்தேன். கலைவாணி அழுதுகொண்டிருந்தாள். கல்லறைத் தோட்ட வாசலில் ஜமீலா நின்றிருந்தாள், தலையில் முக்காடு, கையில் குடை. உடம்பு பெருத்திருந்தாள். அப்பாவின் கடையை இப்போது அவள்தான் நடத்துகிறாளாம். அன்றைக்கு நீ கல்லாவில்தானே இருந்தாய், அவர்கள் பேசியது எல்லாம் உன் காதில் விழுந்திருக்குமே, வேலை தருகிறோம் என்று அப்போதே சொன்னார்களா என்று கேட்டேன். கேட்கக்கூடாத இடம்தான். விட்டால் எப்போது கேட்பது?

ஜமீலா கல்லறைப் பக்கம் ஒரு முறை பார்த்தாள்.

“ஒங்க சார் அன்னைக்கு ரொட்டிய தொடவே இல்ல. அது மட்டுந்தான் எனக்குத் தெரியும்” என்றாள்.

அதை எப்படி எடுத்துக்கொள்வது என்று கலைவாணியிடம் கேட்டேன். உறுத்தல் இருக்கிறவனுக்கும் ரொட்டி இறங்காது, துக்கம் இருக்கிறவனுக்கும் இறங்காது. கலைவாணி குடையை விரித்துக்கொண்டு, வா போகலாம் என்றாள்.

எங்கள் திடலில் இப்போது கடைவீடுகள். ஒரு முனையில் கண்ணாடிக் கடை, மறு முனையில் துணி துவைக்கும் கடை. கல்லூரி மூடியாகிவிட்டது. நெல்லுக் காலேஜ் வேறொன்றோடு சேர்ந்து, பெயர் மாறி, ஊரை விட்டே போய்விட்டது. அவர்கள் அவ்வளவு ஆசைப்பட்டுப் போன கிள்ளான் பள்ளத்தாக்கு லீக்கும் பிறகு இரண்டாகப் பிரிந்ததாகக் கேள்வி. வடக்கு லீக் என்று சொன்னால் எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் ஏதோ பஸ் கம்பெனி என்று நினைக்கிறார்கள். அப்படி ஒன்று இருந்தது, அதற்காக நாங்கள் அழுதோம், சண்டை போட்டோம் என்று சொல்ல இப்போது நான், கலைவாணி, ஜமீலா மூன்று பேர்தான் மிச்சம். அதிலும் ஒருத்தியை நான் இன்னும் முழுதாக நம்பவில்லை.