நன்னாரி பாட்டிலும் கஸ்டமர் கேர் பெண்ணும்

இரண்டு வருஷத்துக்கு முன்னால், கார் நெல் நடவுக்கு முந்தின ஒரு சனிக்கிழமை. எங்கள் வீடு தச்சநல்லூரில், வயல் சீவலப்பேரியில். வரப்புப் புல்லுக்கு மருந்தடிக்க டவுன் பஸ்ஸில் போயிருந்தேன்.

உரக்கடைக்காரன் களைக்கொல்லியைச் சில்லறையாக ஒரு பழைய சர்பத் பாட்டிலில் ஊற்றிக் கொடுத்திருந்தான். அப்படிக் கொடுக்கக் கூடாது என்று அவனுக்கும் தெரியும், வாங்கிய எனக்கும் தெரியும். மகளுக்கு வாங்கிய நன்னாரி சர்பத்தும் அதே பையில்தான் இருந்தது. காலையில் ஒரு பாட்டிலை ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டு மற்றதோடு கிளம்பினேன்.

மோட்டார் ரூம் வாசலில் மூடியைத் திறந்தேன். நன்னாரி மணம்.

அப்படியென்றால் ஃப்ரிட்ஜில் இருப்பது களைக்கொல்லி. சனிக்கிழமை மகளுக்கு அரை நாள்தான் பள்ளிக்கூடம். வந்ததும் முதல் வேலையாக ஃப்ரிட்ஜைத் திறப்பாள். மனைவிக்கு போன் போட்டேன். திட்டம் முடிந்துவிட்டது, வாடிக்கையாளர் சேவைக்கு ஒன்றை அழுத்து என்றது பதிவுக் குரல். என்னுடையது பட்டன் போன், அதில் ரீசார்ஜ் செய்ய எனக்குத் தெரியாது. உச்சி வெயிலில் சுற்றிலும் ஒரு ஆள் இல்லை. அவசர எண்ணுக்குப் போட்டால் போயிருக்கும் என்று பிறகு சொன்னார்கள். அப்போது அந்தப் புத்தி யாருக்கு இருந்தது?

ஒன்றை அழுத்தினேன். தமிழுக்கு ஒரு எண், பில்லுக்கு ஒரு எண், புதுத் திட்டத்துக்கு ஒரு எண். அப்புறம் பாட்டு. வீட்டில் என் பிள்ளை விஷத்தைக் குடிக்கப் போகிறாள், எனக்குக் காதில் புல்லாங்குழல்.

கடைசியில் ஒரு பெண் வந்தாள். வணக்கம் சொல்லி, தன் பெயரைச் சொல்ல ஆரம்பித்தாள்.

"பேரு கெடக்கட்டும் ஏட்டி, லைனைப் போடு!" என்று கத்தினேன்.

ரீசார்ஜ் செய்தால்தான் முடியும் சார் என்றாள். அதற்கு நான் பேசியதை இங்கே எழுத முடியாது. அவள் அம்மாவைக்கூட விடவில்லை. வைத்துவிடுவாள் என்று நினைத்தேன். வைக்கவில்லை. விஷயம் என்ன சார் என்று கேட்டாள். சொன்னேன்.

பிறகு குரலைத் தாழ்த்தினாள். "வீட்டு நம்பரைச் சொல்லுங்க. இங்கேருந்து வெளிய பேச முடியாது, வேலைக்கு வந்ததும் எங்க போனை எல்லாம் வாங்கி வச்சிருவாங்க. கீழ போய் யார்கிட்டயாவது வாங்கிப் பேசுதேன்."

நம்பர் எனக்கு மனப்பாடம் இல்லை. போனில் தேடினால் லைன் போய்விடுமோ என்று பயம். நல்லவேளை, மோட்டார் ரூம் கதவில் மனைவி கரியால் எழுதி வைத்திருந்தாள். கடைசி எண் மட்டும் அழிந்து, ஒன்றா ஏழா என்று தெரியவில்லை.

"ரெண்டுக்கும் பேசுதேன். கத்தாதிய அண்ணாச்சி, ரோட்டைப் பார்த்து ஓடுங்க!"

ஓடினேன். ஒரு லோடு ஆட்டோ வந்தது. குறுக்கே போய் நின்றேன். "என்ன அண்ணாச்சி, மாடு வெரட்டுத மாதிரி ஓடி வாரிய?" என்றான் டிரைவர். பதில் சொல்லாமல் அவன் போனைப் பிடுங்கி, என் போனில் இருந்த நம்பரைப் பார்த்துப் போட்டேன். பிஸி. மறுபடியும் பிஸி. அடுத்த தடவை மனைவி எடுத்தாள். அழுதுகொண்டிருந்தாள்.

"யாரோ ஒரு பிள்ள பேசுச்சுங்க. ஃப்ரிட்ஜில இருக்க பாட்டிலைத் தொடாதியன்னு. ஏமாத்துக்காரின்னு திட்டி ரெண்டு தடவ கட் பண்ணிட்டேன். திரும்பவும் போட்டு, 'ஓடிபி கேக்கல, பணம் கேக்கல, மூடியைத் தொறந்து மோந்து மட்டும் பாருங்கக்கா'ன்னு கெஞ்சுச்சு."

மகள் அப்போது டம்ளரில் ஊற்றித் தண்ணீர் கலந்துகொண்டிருந்தாளாம். மோந்து பார்த்ததும் மனைவி அதைத் தட்டிவிட்டிருக்கிறாள்.

மறுநாள், மனைவிக்கு அழைப்பு வந்த அந்த நம்பருக்குப் பேசினேன். வேறு ஏதோ ஊரில் ஒரு வாட்ச்மேன் எடுத்தார். "ஆமா சார், ஒரு பொண்ணு மாடியில இருந்து ஓடி வந்து போன் கேட்டுச்சு. சீட்டை விட்டு வந்ததுக்கு மேல நல்லா வாங்கிக் கட்டிக்கிச்சு. கூப்பிடறேன், பேரு என்ன சொல்லுங்க? மேல நிறையப் பொண்ணுங்க இருக்காங்க."

அவள் என்னிடம் சொல்ல வந்த முதல் விஷயமே அந்தப் பெயர்தான். எனக்குத் தெரியாது என்று போனை வைத்தேன்.

இன்றும் அந்தக் கம்பெனியோடு சண்டை போட்டுக்கொண்டுதான் இருக்கிறேன், ஆனால் எதிர்முனையில் இருப்பவர் தன் பெயரைச் சொல்லி முடிக்கும்வரை வாயைத் திறப்பதில்லை.