அணைந்த விளக்கும் காஸ்பரின் பாட்டரியும்

சாந்தோம் டிரைவர் காஸ்பர் பயப்படுவதற்கென்றே பிறந்தவர். காரை எடுக்குமுன் நாலு டயரையும் தட்டிப் பார்ப்பார். தெருத் திரும்பியதும் இறங்கி மறுபடியும் தட்டுவார். பதினெட்டு வருஷம் ஓட்டியும் ஒரு கோழிக்குஞ்சுகூட அவர் சக்கரத்தில் அகப்பட்டதில்லை. அப்படிப்பட்டவருக்கு ஆண்டவன் பட்டாளத்துக்குப் போகிற பிள்ளையைத்தான் கொடுத்தான். 1944-இல் மகன் வில்லியம் பர்மா எல்லையில் இருந்தான். நாலு மாதமாகக் கடிதம் இல்லை.

மனைவி ஐரின் திரு இருதய ஆண்டவர் படத்தின் முன்னால் நேர்ச்சை விளக்கு ஏற்றினாள். கண்ணாடி டம்ளரில் எண்ணெய், மிதக்கும் திரி. ஒன்பது நாள் அணையாமல் எரிந்தால் பிள்ளை உயிரோடு திரும்புவான். கடற்காற்று பட்டுவிடக் கூடாதென்று கூடத்துச் சன்னலையெல்லாம் ஏழு நாளாக மூடியே வைத்திருந்தாள்.

ஏழாம் நாள் பார்த்துத்தானா அந்தத் தந்தி வரவேண்டும்! கோயம்புத்தூர் போயிருந்த முதலாளி, மயிலாப்பூர் வக்கீல் சுப்புராயன், மறுநாள் காலை வருகிறாராம். கார் ஸ்டேஷனில் நிற்க வேண்டுமாம். காரோ, பெட்ரோல் கூப்பன் கிடைக்காமல் மூன்று மாதமாக ஷெட்டில் கிடந்தது; கூப்பன் நேற்றுத்தான் கிடைத்திருந்தது. பாட்டரி சுத்தமாக இறங்கிப்போயிருந்தது. ஹாண்டில் போட்டுச் சுற்றினாலும் எஞ்சினுக்குத் தீப்பொறி அதிலிருந்துதானே வரவேண்டும்? பூட்டிக் கிடந்த வக்கீல் வீட்டில் கரண்டும் இல்லை.

காஸ்பர் பாட்டரியைக் கழற்றிக் கைரிக்‌ஷாவில் வீட்டுக்குக் கொண்டுவந்தார். ராயப்பேட்டை ஒர்க்‌ஷாப் கலீமுல்லா சார்ஜர் பெட்டியை இரவல் கொடுத்து, அவரைப் பக்கத்தில் இழுத்து ஒன்று சொல்லி அனுப்பினார்.

"மூடியெல்லாம் கழட்டி வையி நைனா. சன்னல் நல்லா தொறந்து கீதான்னு பாரு. குமிழில வர கேஸு நெருப்பு பட்டா வெடிக்கும், பீடிகூட பத்தவெக்காத. பத்தவெச்ச கிளீனர் ஒருத்தன் ரெண்டு கண்ணும் போய் ஊட்ல குந்திகினு கீறான்."

வீட்டில் பிளக் ஒன்றே ஒன்று. அது கூடத்தில், படத்துக்கு ஆறடி தள்ளி இருந்தது. விளக்கை அடுப்படிக்கு மாற்றலாமா என்று காஸ்பர் மெல்லக் கேட்டுப் பார்த்தார். ஏற்றிய இடத்திலிருந்து அசைக்கக் கூடாது என்று ஐரின் ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டு நவநாள் செபத்துக்குக் கோயிலுக்குப் போய்விட்டாள்.

காஸ்பர் வயரை எட்டின மட்டும் நீட்டி, பாட்டரியை எதிர்ச் சுவரோரம் வைத்தார். மூடிகளைக் கழற்றினார். கிளிப்புகளை இரண்டு தரம் சரிபார்த்துவிட்டுத்தான் சுவிட்சைப் போட்டார். வெகுநேரம் ஒன்றுமில்லை. உச்சிவேளைக்குக் குமிழிகள் கிளம்பின. சுர்ரென்று மெல்லிய இரைச்சல். மூக்கில் ஆசிட் நெடி. விளக்கையும் பாட்டரியையும் மாறி மாறிப் பார்த்தார். வேர்த்துக் கொட்டியது. ஒரு சன்னலை விரலளவு திறந்தார். போதுமா? அந்தக் கிளீனரின் கண்கள் ஞாபகம் வந்தன. இன்னொன்றையும் திறந்தார். பயம் ஏற ஏற, வாசற்கதவு உட்பட எல்லாவற்றையும் அகலத் திறந்துவிட்டார்.

அந்த நேரத்துக்குச் சாந்தோமில் காற்று சும்மா இருக்குமா? ஒரே வீச்சு. விளக்கு அணைந்தது.

காஸ்பர் ஓடிப்போய் சுவிட்சை அணைத்தார். தீப்பெட்டியை எடுத்தார். குமிழி இன்னும் அடங்கவில்லை. வாயு போய்விட்டதா, கூரைக்கடியில் நிற்கிறதா, யார் கண்டது? குச்சியைக் கிழித்தால் வீடு போகும். கிழிக்காவிட்டால் பிள்ளை போவான். இப்படி நினைத்ததும் பாவி மனிதருக்குக் கண்ணீர் வந்துவிட்டது. ஐரின் உள்ளே வந்தபோது குச்சி ஒரு கையிலும் பெட்டி மறு கையிலுமாக நின்றிருந்தார்.

அவள் விளக்கைப் பார்த்தாள். திறந்து கிடந்த சன்னல்களைப் பார்த்தாள். கத்தப் போகிறாள் என்று காஸ்பர் தலையைக் குனிந்துகொண்டார். அவள் அப்படியே தரையில் உட்கார்ந்தாள்.

"செவ்வாக்கெழமயே அணைஞ்சிடுச்சிங்க," என்றாள். "எண்ண ஊத்தாம தூங்கிட்டேன். நானே திரும்ப ஏத்திட்டேன். உங்களுக்குத் தெரிஞ்சா தாங்க மாட்டீங்கன்னு சொல்லல." பிறகு அவர் முகத்தைப் பார்க்காமலே கேட்டாள்: "நான் தூங்கினதுக்கு அவனுக்கு இன்னா ஆயிருக்கும்?"

மூன்று நாளாக இவள் இதை நெஞ்சில் வைத்துக்கொண்டு சோறு பொங்கிப் போட்டிருக்கிறாள்; தான் ஆயுசு முழுக்க டயரைத் தட்டியே பயந்துகொண்டிருந்தோம் என்று காஸ்பருக்கு வெட்கமாகிவிட்டது. தீப்பெட்டியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"எண்ண தீந்துது, அணைஞ்சுது. காத்து அடிச்சுது, அணைஞ்சுது. அவனுக்கு ஒண்ணும் ஆவல," என்றார்.

சொல்லிவிட்டுச் சட்டைப்பைக்குள் தீப்பெட்டியை இன்னும் ஆழமாகத் தள்ளினார். சார்ஜ் ஏறிவிட்டதா என்று அவள் கேட்டாள். பாதிதான் ஏறியிருக்கிறது என்றார். ஐரின் எழுந்துபோய் விளக்கு டம்ளரை எடுத்து அடுப்படியில் வைத்துவிட்டு, சுவிட்சைப் போடச் சொன்னாள்.