இரண்டு பைகளில் இரண்டு சாம்பியன்கள்

கார் பந்தயச் சங்கத்தின் விருதுக் கோப்பைகளில் இருபத்திரண்டு வருடமாகப் பேர் வெட்டுகிறவருக்குக் கார் ஓட்டத் தெரியாது. விழாவுக்குப் போகப் பஸ்ஸில் ஏறினாலே தலை சுற்றும். விழா முடிந்ததும் "இதுதான் கடைசி" என்று மனைவியிடம் சொல்வார். அடுத்த அழைப்பு ஒரு வாரம் தாமதமானால் முகம் வாடிவிடும்.

பந்தயம் முடிந்தாலும் யார் ஜெயித்தார் என்ற மேல்முறையீடு முடிவதில்லை. ஆகவே முதல் இருவர் பேரிலும் சாம்பியன் தகடு வெட்டி, ஆளுக்கொரு பையில் வைத்துக்கொண்டு மேடைக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பார். தீர்ப்பு வந்ததும் ஒன்றைக் கோப்பையில் ஸ்க்ரூ போட்டு முடுக்க வேண்டும். மற்றதை அங்கேயே துண்டாக்க வேண்டும். இது சங்கத்தின் விதி.

இந்த வருடம் விழா தொடங்கி அரை மணி கழித்துத்தான் தீர்ப்பு வந்தது. ஜெயித்தவர் கோப்பையைத் தலைக்கு மேல் தூக்கினார், படம் எடுத்ததும் மேசையில் வைத்துவிட்டுச் சாப்பிடப் போனார். தகட்டைப் பார்க்கவில்லை. இதுவரை எந்தச் சாம்பியனும் பார்த்ததில்லை.

பேர் வெட்டுகிறவர் கத்தரியை எடுத்தபோது தோற்றவர் வந்து நின்றார்.

"அண்ணே, என் பேர்லயும் ஒண்ணு வெட்டியிருப்பீங்களாமே. குடுங்களேன்."

"கூடாது தம்பி. தெரிஞ்சா அடுத்த வருஷம் என்னைக் கூப்பிட மாட்டாங்க."

"பாக்கவாவது செய்யலாமா?"

கொடுத்தார். தோற்றவர் விளக்கடியில் போய், எழுத்து எழுத்தாக விரலால் தடவினார்.

"மெஷின் மாதிரி தெரியலையே. கையால வெட்டினதா?"

இருபத்திரண்டு வருடத்தில் முதல் தடவையாக ஒருவர் கேட்கிறார், அவரும் சாம்பியன் இல்லை. பேர் வெட்டுகிறவர் பெருமூச்சு விட்டுக் கத்தரியைப் பைக்குள் போட்டார்.

"கையாலதான். இந்தாங்க, நாலு ஸ்க்ரூவும் சேத்து எடுத்துக்குங்க. கூப்பிடலைன்னா பஸ் ஏறுற வேலை மிச்சம்."